தோலுரித்த பேரிக்காய்

"அவருக்குச் சாப்பாட்டுல எதுமேல ஆசை?" என்று இலேனியா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

இலேனியாவின் வேலை விழுங்கக் கற்றுக்கொடுப்பது. அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு இந்த வருடம்தான் தெரியும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கீழே ஆல்பா நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து தன் சின்னக் காரில் எங்கள் மேட்டுக்கு ஏறி வருவாள். ஜூன் மாதம் என் கணவன் எவாசியோவின் நாக்கடியில் இருந்த கட்டியை எடுத்தார்கள். அப்புறம் ஆறு வாரம் கதிர்வீச்சு. குரல் திரும்பி வந்தது, சரளைக் கல்லில் வண்டி போகிற மாதிரி ஒரு குரல். விழுங்குவது மட்டும் திரும்பவில்லை. வயிற்றில் போட்ட குழாய் வழியாக ஒரு நாளைக்கு ஐந்து தடவை பழுப்பு நிறத் திரவம் இறங்கிக்கொண்டிருந்தது. அதிலேயே அவன் ஐந்து மாதம் இருந்துவிட்டான்.

டாக்டர் நவம்பர் கடைசிவரை பார்க்கலாம் என்றார். அதற்குள் வாய்வழியாக எதுவும் இறங்காவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு நிரந்தரக் குழாய் வைத்துவிடுவார்கள். தயிர், உருளைக்கிழங்கு மசியல், ஆஸ்பத்திரியில் தரும் ஆப்பிள் கூழ் எல்லாம் முயன்று பார்த்தாயிற்று. வாயில் வாங்கிக்கொள்வான். வைத்திருப்பான். பிறகு துண்டில் துப்பிவிடுவான்.

"தசையெல்லாம் வேலை செய்யுது, எக்ஸ்ரேல பாத்தாச்சு," என்றாள் இலேனியா. "ஆரம்பிக்கத்தான் மாட்டேங்குறாரு. விழுங்கறதுல முதல் பாதிதாங்க நம்ம கையில இருக்கு. நாக்குக்குப் பின்னால போயிட்டா அப்புறம் நம்மள யாரும் கேக்கறதில்ல, உடம்பே பாத்துக்கும். இவரு அந்த வாசப்படியிலயே நின்னுட்டிருக்காரு. உள்ள தள்ளற மாதிரி ஏதாவது ஆசை வேணும். யோசிச்சுச் சொல்லுங்க."

எவாசியோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாரையோ பற்றிப் பேசுவதைப் போல.

முப்பத்தொரு வருடம் அவனுக்குச் சமைத்திருக்கிறேன். வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறவன். எதையும் வேண்டும் என்றதில்லை, வேண்டாம் என்றதில்லை. அதைத் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனை எதுவும் கேட்காமலேயே காலத்தை ஓட்டியதற்கு நான் வைத்துக்கொண்ட பெயர்தான் அந்தப் பெருமை என்பது, அன்றைக்கு இலேனியா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தபோது புரிந்தது.

சாயங்காலம் அவனுடைய அக்கா பினோத்தாவுக்குப் போன் செய்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"ஏன் கிளேலியா, முப்பது வருஷமா ஒரே மேஜையில உக்காந்திருக்க, இது தெரியாதா உனக்கு? ஒயின்ல வெந்த பேரிக்காய்னா அவன் காம்பக்கூட விடமாட்டான். நீதான் ஞாயித்துக்கிழமையானா ஹேசல்நட் கேக்கு, ஹேசல்நட் கேக்குன்னு சுட்டு நிறுத்துவ."

"கேக்கையும்தானே சாப்பிட்டான்?"

"சாப்பிட்டான். என்ன பண்ணுவான், பாவம்."

எங்கள் மலைகளில் நவம்பர் வந்தால் எல்லா வீட்டிலும் ஒயினில் பேரிக்காய் வேகும். நானும் வருடம் தவறாமல் செய்வேன். எல்லா வீட்டிலும் இருக்கிற ஒன்றின்மேல் ஒருவனுக்குத் தனியாக ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இலேனியாவிடம் சொன்னேன். ஒயின் என்றதும் தயங்கினாள். டாக்டரிடம் கேட்டுவிட்டு மறுநாள் கூப்பிட்டாள். நன்றாக வெந்தால் பரவாயில்லையாம். மூன்று விஷயம் மட்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். தோல் கூடாது. திப்பி கூடாது. சாறு தனியாக, சதை தனியாக நிற்கக் கூடாது, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

ஒட்டிவிட்டு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

பினோத்தா தன் தோட்டத்திலிருந்து ஒரு வாளி நிறைய மார்த்தின் செக் கொண்டுவந்தாள். எங்கள் ஊர்ப் பேரிக்காய் அது. உள்ளங்கையில் மூன்று நிற்கும், துருப்பிடித்த நிறம், கல் மாதிரி இருக்கும். பச்சையாக யாரும் கடிப்பதில்லை. மண்சட்டியில் காம்பு மேலே பார்க்கும்படி ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்க வைக்க வேண்டும். சாயக்கூடாது. கழுத்துவரை ஒயின், கொஞ்சம் சர்க்கரை, நாலு கிராம்பு, ஒரு துண்டுப் பட்டை, எலுமிச்சைத் தோல். தோலோடுதான் வேகவிடுவோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. சாப்பிடுகிறபோது காம்பைப் பிடித்துத் தூக்கி, தோல், விதை எல்லாமாக வாயில் போட்டுக்கொள்வோம்.

"தோல் கூடாதுன்னு எழுதிருக்கே," என்றாள் பினோத்தா, கதவைப் பார்த்து.

"வெந்ததும் உரிச்சுக்கலாம்."

"ஆமாமா. இப்பவே உரிச்சா எல்லாம் கரைஞ்சுல்ல போயிடும்."

கரையும் என்று எங்கள் இருவருக்கும் எப்படித் தெரியும்? இரண்டு பேரும் ஒருநாளும் உரித்துப் பார்த்ததில்லை. என் கையெழுத்து என் கண்ணுக்கு நேராக இருந்தது. ஆனாலும் என் கை கத்தியைத் தேடவில்லை.

வெந்த பிறகு உரித்தேன். ஈரமான காகிதம் மாதிரி கிழிந்து கிழிந்து வந்தது. முள்கரண்டியால் மசித்து, மேலோட்டமாக வடிகட்டி, கிண்ணத்தில் எடுத்துவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கிண்ணத்தை அறைக்குள் கொண்டுபோனதுமே எவாசியோ தலையைத் திருப்பினான். ஐந்து மாதத்தில் ஒரு வாசனைக்காக அவன் தலை திரும்பியது அதுதான் முதல் தடவை. இலேனியா கால் கரண்டி கொடுத்தாள். இரண்டு விரலை அவன் குரல்வளைமேல் வைத்துக்கொண்டாள். அவன் கண்ணை மூடினான். தொண்டையில் அந்த முடிச்சு மேலே ஏறத் தொடங்கியதை நான் கதவருகிலிருந்தே பார்த்தேன்.

பாதி வழியில் நின்றது. அப்புறம் இருமல்.

இருமல் என்று சொன்னால் போதாது. உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. இலேனியா அவனை முன்னால் குனியவைத்து, "இருமுங்க சார், இன்னும், இன்னும், நிறுத்தாதீங்க," என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுடைய நிதானம்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. கடைசியில் துண்டில் ஏதோ வந்து விழுந்தது. துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பழுப்புத் தோல்.

இலேனியா அதைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அந்த மரியாதைக்கு நான் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

"ஆனா ஆரம்பிச்சாரு," என்றாள் வாசலில், கோட்டை மாட்டிக்கொண்டே. "கவனிச்சீங்களா? தானா ஆரம்பிச்சாரு. அடுத்த செவ்வாதான் கடைசி. வர்றேன்."

எவாசியோ மேல்கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். "போதும் கிளேலியா," என்றான். "குழாயே இருக்கட்டும். அதுக்கு என்ன குறைச்சல்."

"என் தப்புதான். தோலு போயிடுச்சு உள்ள."

"தோலு இல்லாட்டி வேற ஏதாவது. விடு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "நீ மேஜையில உக்காந்து சாப்பிடு முதல்ல. பாத்திரம் கழுவற தொட்டிகிட்ட நின்னுக்கிட்டு ரொட்டியப் பிச்சுப் பிச்சுத் திங்கற சத்தம் இங்க கேக்குது. எலி மாதிரி."

அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஜூன் மாதத்திலிருந்து அவன் கண்ணில் படாமல் சாப்பிட்டுவந்தேன். அது அவனுக்காகச் செய்கிற தியாகம் என்றுகூட நினைத்திருந்தேன். அன்று யோசித்தபோது அதில் தியாகம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. சாப்பிட முடிகிற ஒருத்தி, சாப்பிட முடியாத ஒருவன் முன்னால் வாயை அசைக்கக் கூச்சப்பட்டாள், அவ்வளவுதான். அவன் தனியாகப் பட்டினி கிடந்தான், நான் தனியாகத் தின்றேன். அவன் விழுங்கினால் என் கூச்சமும் தீர்ந்துவிடும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடுபடுகிறேனா என்றும் கேட்டுக்கொண்டேன். இருக்கலாம். அதனால் பாடுபடாமல் இருக்க முடியுமா?

அந்த வாரம் பயிற்சிக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. நாக்கை நீட்டு, மடக்கு என்று இலேனியா எழுதிக்கொடுத்த தாளைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துவிட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் மறுபடியும் பேரிக்காயை எடுத்தேன். அவன் தின்னமாட்டான் என்று தெரிந்தே எடுத்தேன். பினோத்தா வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் கத்தியை வைத்து முதல் காயின் தோலைச் சுற்றி இறக்கினேன்.

"அய்யய்யே," என்றாள். "என்ன பண்ற?"

"உரிக்கறேன்."

"அம்மணமா நிக்குது பாரு, பாவம். எங்க அம்மா இருந்திருந்தா கத்தியப் பிடுங்கியிருப்பா."

"பிடுங்கட்டும். நீங்க எலுமிச்சம்பழத்தப் பிழிங்க, கறுத்துடப் போகுது."

தோலுக்குள்ளே அது அவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளை, ஈரம், கையில் நிற்காத வழுக்கல். இப்போதுதான் பிறந்த ஏதோ ஒன்றைத் தூக்குவதைப் போலத் தூக்கினேன். அடிப்பக்கமாகச் சின்னக் கரண்டியை விட்டு விதையையும் திப்பியையும் குடைந்து எடுத்தேன். காம்பை மட்டும் விட்டுவைத்தேன். பன்னிரண்டு காய்களைச் சட்டியில் நிற்கவைத்து, எங்கள் தோட்டத்துச் சிவப்பு ஒயினான தோல்செத்தோவில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற்றினேன். கனமாக இருக்கவேண்டாம் என்று சர்க்கரையைக் குறைத்தேன். கிராம்பு இரண்டு, ஒரு விரல் பட்டை. அடுப்பை இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்குத் தணித்தேன்.

வழக்கமாகச் சட்டியை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்போம். அன்று கரைந்துவிடுமோ என்ற பயத்தில் மூடவில்லை. அதனால்தான் பார்த்தேன்.

முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு, குளிரில் சிவக்கும் விரல் முட்டி மாதிரி, காய்களின் தோள்பட்டையில் லேசான ஒரு நிறம். அது எங்கிருந்து தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஒரு காயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் மாற்றம் தெரியாது. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பினால் முன்பு இருந்தது இல்லை. அரை மணியில் ரோஜா நிறம். கூம்பிய பக்கத்தில் வெளிறலாகவும் பருத்த பக்கத்தில் அடர்த்தியாகவும், ஒரே காயில் எத்தனையோ சிவப்பு. கரையவில்லை. ஒன்றுகூடக் கரையவில்லை. எல்லாம் காம்பு மேலே பார்க்க நேராக நின்றுகொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், ஒயினை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தன.

நாற்பது நவம்பர்களாவது நான் இதைச் செய்திருப்பேன். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தோல் ஒரு திரை மாதிரி முன்னால் நின்றிருக்கிறது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு வருடமும், எல்லாச் சமையலறையிலும், யாரும் பார்க்காமலேயே இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. யாருக்காகவும் இல்லாமல் இவ்வளவு அழகாக நடக்கிற காரியங்கள் இன்னும் எத்தனை இருக்கும் என்று நினைத்தேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

பினோத்தாவும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். சட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

ஒன்றை வெளியே எடுத்து நீளவாக்கில் வெட்டினேன். சுற்றிலும் அடர்சிவப்பு. உள்ளே போகப் போக இளஞ்சிவப்பு. நடுவில் இன்னும் ஒயின் தொடாத ஒரு வெள்ளை. ஒவ்வொரு நிறமும் அடுத்த நிறத்துக்குள் எங்கே போய்ச் சேர்கிறது என்று கோடு போட முடியவில்லை.

"பேச்சையே காணோமே, என்னாச்சு ரெண்டு பேருக்கும்?"

வாசலில் எவாசியோ நின்றிருந்தான். ஒரு கையால் சட்டைக்கடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு. ஜூனிலிருந்து அவன் சமையலறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

"உம் பொண்டாட்டி பேரிக்காய்க்கு ஜட்டியக் கழட்டிட்டாடா," என்றாள் பினோத்தா. "வெக்கத்துல சிவந்துபோச்சு எல்லாம். வந்து பாரு."

மெதுவாக வந்தான். நாற்காலியை இழுத்துக்கொண்டு அடுப்பருகில் உட்கார்ந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஆவி அவன் முகத்தில் பட்டது. விலகவில்லை. தன் வாழ்நாளெல்லாம் திராட்சையோடும் சிவப்போடும் இருந்தவன் அவன். பாத்திரத்தில், பீப்பாயில், கைரேகையில், நகக்கண்ணில் எல்லாவற்றிலும் அந்த நிறத்தைப் பார்த்தவன்.

"உரிச்சா இப்படியா இருக்கும்?" என்றான்.

"இப்படித்தான் இருக்கும்போல."

வெட்டிவைத்த பாதியைக் கையில் எடுத்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினான். நெடுநேரம் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். ஐந்து மாதமாக உணவு அவனுக்கு ஓர் எதிரியாகவோ பரீட்சையாகவோதான் இருந்தது. இப்போது அவன் அதைப் பார்த்தது அப்படி இல்லை. எங்கள் மகள் பிறந்தபோது அவளுடைய காதை இப்படிப் பிடித்துப் பார்த்தான், இவ்வளவு சின்னதா என்று கேட்டுக்கொண்டு.

"ஒயின் நம்மளுதா?"

"நம்மளுதுதான்."

பாதியைத் தட்டில் வைத்தான். விரலைத் துடைக்கவில்லை. "நாளைக்கு அந்தப் பொண்ணு எத்தனை மணிக்கு வருது?"

நான் பதில் சொல்வதற்குள் பினோத்தா, "பத்துக்கு," என்றாள். அவளுக்குத் தெரியவே தெரியாது.

இரண்டு மணி நேரம் வேகவைத்தேன். இரண்டு காயைக் கொஞ்சம் சாற்றோடு சட்டியிலேயே விட்டுவிட்டு, மீதிச் சாற்றைத் தனியே சுண்டவைத்து, சதையை மெல்லிய சல்லடையில் இரண்டு தடவை தேய்த்து, இரண்டையும் சேர்த்து அடித்தேன். கரண்டியைச் சாய்த்தால் ஒரே மாதிரி, ஒரே வேகத்தில், பட்டுத்துணி மாதிரி வழிந்தது. நாக்கில் வைத்து மேலண்ணத்தில் அழுத்திப் பார்த்தேன். திப்பி இல்லை.

செவ்வாய்க்கிழமை இலேனியா பதினோரு மணிக்குத்தான் வந்தாள். எவாசியோ எட்டு மணிக்கே முகம் மழித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பினோத்தா கதவருகில் கைகட்டி நின்றாள்.

"கண்ண மூடி நாக்க நீட்டுடா," என்றாள். "சர்ச்சுல பாதிரியார் நன்மை அப்பம் குடுக்கற மாதிரியே இருக்கு."

"சிரிக்க வைக்காதீங்கம்மா," என்றாள் இலேனியா. "சிரிச்சா புரையேறும்." கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள், கரண்டியால் கிளறினாள், மோந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "நீங்க வாங்க. உங்க ரெண்டு விரல இங்க வைங்க. அழுத்தாதீங்க. சும்மா தொட்டா மாதிரி."

அவன் தொண்டையில் கை வைத்தேன். கதிர்வீச்சுக்குப் பிறகு தோல் அங்கே கெட்டியாக, கொஞ்சம் வேறு யாருடையதோ போல இருந்தது. அடியில் அந்த முடிச்சு. சூடு.

கரண்டி உள்ளே போனது. உதடு மூடியது. அவன் கண் என் கண்மேல் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அவன் வாசப்படியில் நிற்கிறான் என்று நினைத்தேன். வா என்றோ போ என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது அவன் மட்டும் தாண்ட வேண்டிய படி. முப்பத்தொரு வருடத்தில் அவனுக்கு இவ்வளவு அருகில் நான் நின்றதில்லை. இவ்வளவு வெளியிலும் நின்றதில்லை.

அப்போது என் விரலடியில் அது எழுந்தது.

கூட்டுக்குள் திரும்பிப் படுக்கிற ஒரு குருவியின் அசைவு. மேலே ஏறியது, ஒரு கணம் உச்சியில் நின்றது, முன்பக்கமாகச் சாய்ந்தது, இறங்கியது. அவ்வளவுதான். ஒரு நொடிகூட ஆகியிருக்காது. அதற்குள் எத்தனை கதவுகள் மூடி எத்தனை கதவுகள் திறந்தன என்று இலேனியா பிறகு படம் போட்டுக் காட்டினாள். எனக்கு அந்தப் படம் தேவைப்படவில்லை. என் இரண்டு விரலுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

இருமல் வரவில்லை. காத்திருந்தோம். வரவில்லை.

"வாயத் திறங்க சார்," என்றாள் இலேனியா. விளக்கடித்துப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். நாக்கில் சிவப்புச் சாயம் ஏறியிருந்தது. மற்றபடி காலி. ஒரு காலியான வாயைப் பார்த்து நான் இப்படி நிற்பேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டாவது கரண்டி இறங்கியது. மூன்றாவதும் இறங்கியது.

"இன்னிக்கு இது போதும்," என்று இலேனியா கிண்ணத்தை நகர்த்தினாள்.

"இன்னும் ஒண்ணு," என்றான் எவாசியோ.

"மூணுதான் சார். பேராசை கூடாது."

"அஞ்சு மாசம் சும்மா இருந்தேனே, அதுக்கு ஒண்ணு."

"நாளைக்கு உங்க வீட்டம்மா குடுப்பாங்க. நாளைக்கு நாலு. நான் டாக்டர்கிட்ட பேசறேன், பயிற்சிய நிறுத்த வேணாம்னு." அவள் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினாள். எவாசியோ அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பினோத்தா அவன் முதுகை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அழுகிறாள் என்று யாரும் பார்க்காதபடி முற்றத்துக்குப் போய்க் கோழிகளைத் திட்டினாள்.

நான் சமையலறைக்கு வந்தேன். சட்டியில் இரண்டு பேரிக்காய் மிச்சம் இருந்தன. இரவெல்லாம் சாற்றில் நின்று, நடுவில் இருந்த வெள்ளையும் போய், உள்ளே வெளியே எல்லாம் ஒரே நிறம். ஒன்றைத் தட்டில் வைத்து, மேஜையில் உட்கார்ந்து, ஒரு துண்டை வாயில் போட்டேன்.

விழுங்க முடியவில்லை. என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை செய்கிறதை, கவனித்துப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்று மறந்துவிட்டது. பட்டையின் மணமும் ஒயினின் துவர்ப்பும் வாயில் நிறைந்து காத்திருந்தன. கையை உயர்த்தி என் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, நான் ஒன்றும் செய்யாமலேயே, அது எழுந்தது.